அம்மா படித்த நாவல்

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் வசிக்கும் அந்த அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் அரைக்காசு அம்மன் சந்நிதிதான். கோயிலுக்கே வராத மகனோடு சண்டை. ஆறு மாதமாகப் பேச்சு இல்லை.

அவன் அலமாரியைத் துடைத்தபோது கிடைத்தது ‘சித்தார்த்தன்’. ஹெர்மன் ஹெஸ்ஸே ஜெர்மன் மொழியில் 1922-ல் எழுதிய நாவல். தமிழில் திருலோக சீதாராம். புத்தரை நேரில் பார்த்து மதித்தும் சங்கத்தில் சேராத சித்தார்த்தன், கடைசியில் ஒரு படகோட்டியிடமும் ஆற்றிடமும் பாடம் கற்கிறான். படிக்கப் படிக்க அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால், சித்தார்த்தனின் மகனும் ஒருநாள் அவனை விட்டு ஓடிவிடுகிறான். தான் விட்டுவந்த அப்பாவின் வலி அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. அந்தப் பக்கத்தில் அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

அடுத்த வெள்ளியும் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்ததும் மகனுக்கு போன் போட்டார்.

“கோயிலுக்கு வான்னு கூப்பிடலப்பா. சாப்பிட வா!”