மொய்ராங்: வழி அடைபட்ட மீன்

மணிப்பூரின் லோக்டக் ஏரிக்கரையில் இருக்கிறது மொய்ராங். சந்தையில் மீன் விற்பவர்கள் பெண்கள். கூடையைப் பார்த்தாலே மீனின் குடும்பம் தெரிந்துவிடும். செதிலே இல்லாமல் மீசை இருந்தால் கெளுத்தி. பாம்பு போன்ற தலையிலும் செதில் இருந்தால் விரால். உடலெங்கும் செதில், தலை மட்டும் வழுவழுப்பு என்றால் கெண்டை.

மாநில மீனான பெங்பா கெண்டைக் குடும்பம். முன்பெல்லாம் மழைக்காலத்தில் மியான்மரின் சிந்த்வின் ஆற்றிலிருந்து மணிப்பூர் ஆறு வழியாக எதிர்நீச்சலடித்து ஏரிக்கு வரும். 1983இல் மின்சாரத்துக்காக இத்தாய் தடுப்பணை எழுந்தது, வழி அடைபட்டது. தேங்கிய நீரில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். பெங்பாவுக்கோ வேண்டியது வழி. இன்று சந்தைக்கு வருபவை குளங்களில் வளர்த்தவை. மதகு வழிவிட்டால் ஒழிய, ஆற்று பெங்பா லோக்டக்குக்குத் திரும்பப்போவதில்லை.