சுரம் நிற்கும் இடம்

சனிக்கிழமை, மாலை 5.30. இந்திராநகர், பெங்களூரு

எங்கள் டிரம்மர் ரெக்கார்டிங் வேலையாகச் சென்னை போயிருக்கிறார். பதிலுக்கு வந்திருப்பவன் சர்ச்சில் வாசித்து வளர்ந்த பையன். பாட்டுகள் அவனுக்குத் தெரியுமா என்ற கவலை எனக்கில்லை. லிஸ்டை முன்பே அனுப்பியாயிற்று. நான் பார்க்க வேண்டியது அவன் வலது காலை. கிக் டிரம்மை மிதித்ததும் காலைத் தளர்த்துகிறானா, தோலோடு அழுத்தியே வைக்கிறானா? தளர்த்தினால் டிரம் கொஞ்சம் ஒலித்து அடங்கும். அழுத்தினால் சட்டென்று நிற்கும். என் பேஸ் கிட்டாரின் சுரம் எவ்வளவு நீள வேண்டும் என்பதை அந்தக் கால்தான் முடிவு செய்யும்.

6.15

சவுண்ட்செக். இன்று வாசிக்கும் பாரில் ஒருபக்கம் கண்ணாடி, மறுபக்கம் வெறும் சிமெண்ட் சுவர். ஆள் இல்லாத அறையில் ஸ்நேர் காதைக் கிழிக்கிறது. பேஸின் பாடு வேறு. தடித்த ஈ கம்பியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். இந்த அறையின் அகலம் அவ்வளவு வராது. போகிற அலையும் சுவரில் மோதித் திரும்புகிற அலையும் கலந்து ஓரிடத்தில் ஒலி வீங்குகிறது, இன்னோரிடத்தில் காணாமலே போகிறது. மேடையில் நின்று கேட்டால் இது பிடிபடாது. பேஸைப் பையன் கையில் கொடுத்து, ஒவ்வொரு சுரமாக மெதுவாக மீட்டச் சொல்லிவிட்டு அறையைச் சுற்றி நடந்தேன். தாழ்ந்த ஜி வந்தபோது பார் கவுண்டர் மூலை முழுக்க உறுமியது. நடு மேஜையில் அதே சுரம் மெலிந்து கிடந்தது. சவுண்ட் இன்ஜினியர் 50 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கினார். மிச்சத்தை விரலால்தான் சரிக்கட்ட வேண்டும்.

பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகிக்கொண்டேன். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் ஃபெண்டரிலும் பிரிட்ஜ் மூடிக்குள் இப்படியொரு ஸ்பாஞ்சு இருந்தது. அவர் மீட்டியது வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும். சுரம் திடமாகப் பிறந்து சீக்கிரம் அடங்கும். அடங்கிய இடத்தில் டிரம்ஸ் பேசும். 1960களில் உலகமே ஆடிய பாட்டுகளில் அவர் கை இருந்தது, இசைத்தட்டு உறையில் பெயர் இல்லை. 1971ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் முறையாகப் பெயர் போட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை.

9.10, இடைவேளை

முதல் செட் முடிந்தது. கூட்டம் சேரச் சேர அறை மாறிவிட்டது. மனித உடலும் துணியும் சிம்பல், ஸ்நேரின் கூர்மையைக் குடித்துவிடும். அடியொலியை அவ்வளவாகத் தொடாது. அதனால் நிரம்பிய அறையில் பேஸ் தானாகவே பெருத்துத் தெரிகிறது. ஆம்ப்பைக் குறைத்தேன், சுரங்களையும் குறுக்கினேன்.

பையன் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணா, ஸ்நேர் விழுற இடத்துல நீங்க கம்பியை அமுக்கிடுறீங்க இல்ல?”

“கவனிச்சியா?”

“மூணாவது பாட்டுலதான் தெரிஞ்சது. அப்புறம் நானும் கிக்கை அழுத்தியே வெச்சேன்.”

அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பேஸ் என்றால் எங்கே தொடங்குகிறோம் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், யூடியூப் பாடங்கள் உட்பட. சுரத்தை எங்கே கொன்றோம் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. குயீன் குழுவின் ஜான் டீக்கன் எழுதி 1980ல் வந்த ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ எங்கள் லிஸ்டில் உண்டு. அதன் பேஸ் வரியில் தனித்து நிற்பவை ஒரே சுரத்தின் மூன்று அடிகள். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் வெட்டினாற்போல மௌனம். அந்த மௌனத்தில் கம்பி லேசாக முனகினாலும் பாட்டு செத்துவிடும். அதனால் ஒவ்வோர் அடி முடியும் கணத்திலும் கை கம்பிமேல் விழ வேண்டும்.

பையனிடம் ஒரு ஜோடி காதடைப்பான் கொடுத்தேன். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு 100 டெசிபலில் 15 நிமிடம்தான் பாதுகாப்பு என்று அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. சிம்பலுக்குப் பின்னால் உட்கார்கிறவன் அதை இருபது வயதிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

நள்ளிரவுக்குப் பின், வீட்டில்

பத்து மணிக்குக் கண்ணாடிக் கதவுகளைச் சாத்தினார்கள். ஒலி மாசு விதிகள் 2000ல் வந்தவை. இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது. 2018ல் நகரத்து பார்களில் லைவ் மியூசிக்குக்கு போலீஸ் உரிமம் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது, பல மேடைகள் ஒரேயடியாக ஊமையாகிப் போயின. வாசிக்கிறவர்களுக்கு அது கொடிய காலம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் கோபமும் எனக்குப் புரிகிறது. பாடகியின் குரலைச் சுவர் தடுத்துவிடும். என் சுரத்தைத் தடுக்காது. கதவைச் சாத்தினாலும் அவர் படுக்கை அறைக்குள் போவது நான்தான். ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் தடித்த நுரைப்பலகை மேல் வைத்தது அவருக்காகவே.

இரண்டாவது செட்டில் பாட்டு கேட்டுத் துண்டுச்சீட்டுகள் வந்தன: கன்னடம், இந்தி, பிறகு தமிழ். ‘அக்னி நட்சத்திரம்’ படத்து ‘ராஜா ராஜாதி’. 1988ல் வந்த பாட்டு. அது வந்தபோது சீட்டு அனுப்பிய மேஜையிலிருந்த யாருமே பிறந்திருக்க மாட்டார்கள். இளையராஜாவின் பேஸ் வெறும் தாங்குகட்டை இல்லை. பாடகனுக்கு அடியில் தனியாக இன்னொரு மெட்டு நடக்கும். அதை மட்டும் பாடிக்காட்டினாலே எந்தப் பாட்டு என்று சொல்லிவிடலாம். அந்த மெட்டில் சுரங்கள் ஓடுகின்றன, இடையிடையே சட்டென்று நிற்கின்றன. நிற்கிற இடமெல்லாம் என் பேஸ் பையனின் கிக்கோடு சேர்ந்து நின்றது. கண்ணைப் பார்க்கக்கூட இல்லை. கவுண்டர் பக்கம் யாரோ கத்தினார்கள், நடு மேஜை எழுந்து ஆடியது.

கடைசிப் பாட்டு, பணம் பிரிப்பு, கேபிள் சுருட்டல், ஆட்டோ.

ஞாயிறு, மதியம்

விரல் நுனி கன்றியிருக்கிறது. ஸ்பாஞ்சு வியர்வையில் நைந்துவிட்டது, புதிதாக ஒன்று வெட்ட வேண்டும்.

பையனிடமிருந்து செய்தி: ஒருநாள் வீட்டுக்கு வந்து சேர்ந்து வாசிக்கலாமா என்று. வியாழக்கிழமை வா என்று பதில் போட்டேன். பாட்டு எதுவும் வேண்டாம். கிக்கும் ஸ்நேரும் பேஸும் மட்டும், மெட்ரோனோம் 60ல், ஒரு மணி நேரம்.