சும்மா கண்டிக்கு

எங்கள் தோட்டத்தில் யாராவது கண்டிக்குப் போறேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி "யாருக்கு முடியல?" என்பதுதான். ஹட்டன் பக்கம் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கண்டி என்றால் ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்குக் கண்டி பெரியாஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பேராதனை. பாட்டி காலத்தில் அது கடதாசி ஊர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு, இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தவர்கள் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு அலைந்த கதை இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. அதற்கும் முந்தின தலைமுறைக்கு இந்த மலைநாடு முழுவதுமே "கண்டிச்சீமை". கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வழியிலேயே செத்துப்போனவர்களும் நிறையப் பேர்.

அதனால் வாகனம் இல்லாமல் கண்டிக்கு வருவது எங்களுக்குப் புதுசு இல்லை. சும்மா வருவதுதான் புதுசு.

நாங்கள் என்றால் அக்கா, தங்கச்சி, தம்பி மூன்று பேர். கூடவே அம்மா, அக்காவின் ஒன்பது வயது மகன், நாலு வயது மகள். ஸ்கூல் லீவில் ஒரு சனி, ஞாயிறு கண்டியில் தங்கிவிட்டு வருவது என்று பேசினோம். எங்கள் ஊரில் ட்ரிப் என்றால் வேன் ஹயர்தான். பதினைந்து பேர், பாட்டுப் பெட்டி, விடிய நாலு மணிக்குக் கிளம்பி ஏழு இடம் பார்த்து நடுராத்திரி திரும்புவது. அதில் ஒரு சந்தோஷம் இருக்கு, மறுக்கல. ஆனால் ஆறு பேருக்கு வேன் பிடிக்கக் காசு கட்டாது. சொந்தக்காரர்களைச் சேர்த்தால் தொகை இறங்கும், ஆனால் நாலு வயசுப் பிள்ளையின் தூக்கத்துக்கு ஏற்ற மாதிரி பதினைந்து பேரை நிறுத்த முடியாது. பஸ்ஸிலேயே போவோம் என்று முடிவு செய்தோம்.

கணக்கு எழுத உட்கார்ந்தபோது அம்மா ஒன்றுதான் கேட்டார்: "சனிக்கிழம ஒரு பேரு போயிருமே?" கொழுந்து எடுக்கப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் போன பேர்களை அம்மா ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருக்கப் போகும் நாளுக்குத்தான் அந்தக் கணக்கு வந்தது. அதனால் கொப்பியில் முதல் வரியாக "அம்மாவின் ஒரு பேர்" என்று எழுதி, அந்தத் தொகையை நாங்கள் மூன்று பேரும் பிரித்துப் போட்டோம். பஸ் காசும் ரூம் காசும் அதற்குக் கீழேதான். லீவு எடுத்தாலும் சம்பளம் வருகிற வீடுகளில் இந்த வரி இருக்காது. எங்களைப் போன்ற வீட்டில் திட்டம் போடுகிறவர்கள் இதை முதலில் எழுதுங்க. இல்லாவிட்டால் அந்தச் செலவை அம்மாதான் பேசாமல் தனியாகச் சுமப்பார்.

அடுத்தது இடங்கள். தம்பி எழுதின பட்டியலில் எட்டு இருந்தன. வாகனம் இல்லாதபோது இடங்களை எண்ணிப் பிரயோஜனம் இல்லை, ஏறி இறங்குவதைத்தான் எண்ண வேண்டும். பஸ்ஸில் ஒரு இடத்துக்குப் போய்த் திரும்புவது என்றால் நிறுத்தத்துக்கு நடை, காத்திருப்பு, நெரிசல், பிறகு மறுபடியும் அதே. சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அப்படி ஒரு தடவைதான் தாங்கும். அதனால் ஒரு நாள் நடந்தே பார்க்கிற இடங்கள், மறுநாள் பஸ்ஸில் ஒரே ஒரு இடம் என்று வைத்தோம்.

ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம் முதலில் வெட்டுப்பட்டது. 1925இல் கட்டின பழைய தொழிற்சாலையைத் திருத்தி, 2001இல் திறந்த இடம். தம்பிக்கு ரொம்ப ஆசை. அம்மா சிரித்துவிட்டார்: "தேயில பாக்க நான் காசு குடுத்துப் போகணுமா?" அதற்கு மேல் விவாதம் இல்லை. உடவத்தகலைக் காடும் போனது. அட்டைக்குப் பயந்து இல்லை, அது எங்கள் வீட்டுப் பிராணி மாதிரி. ஒரே நாளில் ஏரியும் காடும் சின்னவளின் காலுக்கு அதிகம்.

ரூம் எடுக்கும்போது தூரத்தைப் பார்க்காமல் ஏற்றத்தைப் பார்த்தோம். ஏரிக்குத் தெற்கே சரணங்கர வீதி, ராஜபிஹில்ல பக்கம் தங்குமிடங்கள் நிறைய இருக்கின்றன. மேப்பில் பார்த்தால் ஏரிக்கரையிலேயே இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் ரோடு மேலே மேலே போகும். மலை ஏறிப் பழகிய கால்கள்தான் எங்களுடையவை. என்றாலும் தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டு ராத்திரி ஏறுவது வேற கதை. ஒவ்வொரு தடவையும் திரீவீல் பிடித்தால் மலிவான ரூம் மலிவாக இருக்காது. கொஞ்சம் கூடக் கொடுத்து ஏற்றம் குறைந்த இடத்தில், ஆறு பேருக்கும் ஒரே ரூமாக எடுத்தோம்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்களில் ஒன்றில் ஏறினோம். கினிகத்தேனை வளைவுகள் பிள்ளைகளின் வயிற்றைக் கலக்கும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. ஆளுக்கு அரை ரொட்டி, கையில் தேசிக்காய், பையின் மேல் பக்கத்தில் சொப்பிங் பேக் நாலு. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை தாண்டிக் கண்டி. அங்கே பஸ் நிறுத்தங்கள் ஒரே இடத்தில் இல்லை. ரயில் நிலையத்துப் பக்கம் குட்செட், நடு டவுனில் மணிக்கூட்டுக் கோபுரம் என்று பிரிந்திருக்கும். கட்டட வேலை நடந்தால் இடமும் மாறும். திரும்பிப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டோம். பஸ் போர்டு வாசிக்கிற வேலையை மூத்தவனுக்குக் கொடுத்தோம். ஸ்கூலில் இரண்டாம் மொழியாகப் படிக்கிற சிங்களம் அன்றைக்குத்தான் அவனுக்குப் பரீட்சைக்கு வெளியே உதவியது.

கண்டி கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் அளவுதான். ஹட்டனிலிருந்து வந்த எங்களுக்கு அது வெயில் ஊர். ஸ்வெட்டரெல்லாம் பைக்குள் போனது. ஏரியைச் சுற்றி நடந்தோம். முழுச் சுற்று மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சின்னவளின் காலுக்கு ஒன்றரை மணி நேரம். தண்ணீரில் ஒரு கபரகொய்யா நீந்திப் போனதைப் பார்க்கவே அரை மணி நேரம் நின்றோம். வேனில் வந்திருந்தால் கண்ணாடி வழியே "இதுதான் ஏரி" என்று காட்டிவிட்டுப் போயிருப்போம்.

மறுகரையில் மரத்தடியில் உட்கார்ந்தபோது மூத்தவன், இதை யார் வெட்டினது என்று கேட்டான். கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807இல், வயல் இருந்த இடத்தில் அணை கட்டி உண்டாக்கியது என்று சொன்னோம். தென்னிந்திய நாயக்கர் வம்சம். 1815இல் வெள்ளைக்காரன் பிடித்து, அடுத்த வருஷம் குடும்பத்தோடு வேலூருக்கு அனுப்பிவிட்டான். 1832இல் அங்கேயே செத்துப்போனார்.

அம்மா அதுவரை காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், திரும்பிப் பார்த்தார். "அவரும் கப்பல் ஏறுனவர்தானா?"

எங்கள் பக்கம் கப்பல் ஏறுவது என்றால் ஒரே அர்த்தம்தான். ஒப்பந்தத்தில் பெரியம்மா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது அம்மா சின்னப் பிள்ளை. பெரியம்மாவின் கடதாசி வேலைக்காகப் பாட்டியோடு கண்டிக்கு வந்ததையும், அலுவலகத்து வாசலில் நாள் முழுக்க நின்றதையும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார். அப்போது இந்த ஏரியைப் பார்க்கவில்லையா என்று கேட்டோம். "பஸ்ஸுல இருந்து தெரிஞ்சிச்சு. எறங்க நேரம் எங்க இருந்துச்சு?"

மத்தியானம் ரூமில் எல்லாரும் தூங்கினோம். இதையும் திட்டத்தில் எழுதித்தான் வைத்திருந்தோம். சாயங்காலம் ஆறரை மணிப் பூசைக்கு மாளிகாவை. இலங்கையருக்கு டிக்கெட் இல்லை, ஆனால் முழங்கால் மறைகிற உடுப்பு வேண்டும். மேளச் சத்தம் கேட்டதும் சின்னவள் பயந்தாள், பிறகு தாளம் போட ஆரம்பித்தாள். மாளிகாவைக்கு முன்னால் பத்தினி தேவாலயம் இருக்கிறது. பத்தினி நம்ம கண்ணகிதான் என்று சொன்னதும் அம்மா அங்கே கூடுதல் நேரம் நின்றார். பெரஹெர நடக்கிற எசலைக் காலத்திலும் போயா நாட்களிலும் இந்தப் பக்கம் கூட்டம் தாங்காது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் சாதாரண நாளாகப் பாருங்க.

ஞாயிறு காலை பேராதனை. அது நாங்கள் வீட்டுக்குப் போகிற வழிதான். அப்படியே பையோடு இறங்கிப் பார்த்துவிட்டு, அங்கேயே ஹட்டன் பஸ் ஏறலாம் என்று தங்கச்சி சொன்னாள். ஆனால் கண்டியிலேயே நிறைந்து வருகிற பஸ்ஸில் வழியில் ஏறினால் மூன்று மணி நேரம் நின்றுகொண்டுதான் வரணும். பையை ரூமில் விட்டுப் போய், டவுனுக்குத் திரும்பி வந்து, பஸ் கிளம்புகிற இடத்திலேயே ஏறுவது என்று வைத்தோம். ஆறு கிலோமீட்டர் கூடுதல் அலைச்சலுக்கு ஆறு பேருக்கும் சீட் கிடைத்தது.

தாவரவியல் பூங்கா 147 ஏக்கர். எல்லாம் பார்க்க நினைக்கவில்லை. ஐந்தாம் ஜோர்ஜ் இளவரசராக இருந்தபோது 1901இல் நட்ட நாகலிங்க மரம், கிளை பரப்பி நிற்கிற பெரிய ஜாவா அத்தி, தலைகீழாகத் தொங்குகிற வவ்வால் கூட்டம், மிச்ச நேரம் புல்லில் ஓட்டம். 1824இல் சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடியை முதலில் நட்டதும் இங்கேதான் என்று அம்மாவிடம் சொன்னோம். "இங்கதான் ஆரம்பிச்சதா எல்லாம்" என்றார். மூத்தவனுக்கு வேறு சந்தேகம். "இந்தத் தோட்டத்துக்குத் தொரை யாரு?"

வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் பல்கலைக்கழகம். 1952இல் கொழும்பிலிருந்து இங்கே வந்தது. உள்ளே போகும் ரோட்டில் மர நிழலில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தோம். பிள்ளைகளிடம் பெரிய உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பேராதனை என்றால் ஆஸ்பத்திரி மட்டும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

மொத்தச் செலவு, அம்மாவின் பேரையும் சேர்த்து, வேன்காரர் சொன்ன தொகையில் பாதிக்குக் கீழே. எட்டில் மூன்று இடம்தான் பார்த்தோம், மிச்சம் அங்கேயேதான் இருக்கும். அடுத்த லீவுக்குக் கம்பளை என்று பேசியிருக்கிறோம். அங்கே பழைய பீகொக் தோட்டத்தில், லயக் காம்பராக்களையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றி 2007இல் திறந்தார்கள். அதற்குக் காசு கொடுத்துப் போகணுமா என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. எந்தக் கிழமை என்றுதான் கேட்டார்.