வெள்ளை நாயும் வெயிலும்

வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆகவே வெள்ளை நாயை வெயில் ஒன்றும் செய்யாது என்று 4-ஆம் ஆண்டு வகுப்பில் சொல்லிவிட்டேன். மாணவர்களும் எழுதிக்கொண்டனர். அந்த வாரமே எங்கள் வீட்டு வெள்ளை நாயின் காது நுனிகள் சிவந்து, தோல் உரியத் தொடங்கியது.

கால்நடை மருத்துவர் உரோமத்தை விலக்கிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்புத் தோல். தோலுக்குக் கருமை தரும் மெலனின்தான் புற ஊதாக் கதிரையும் தடுக்கிறது. எங்கள் நாய்க்கு அது மூக்கில்கூட இல்லை. மல்லாந்து படுக்கும் பழக்கம் வேறு! உரோமம் குறைந்த வயிறும் சிவந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் இப்படிக் காய்ந்தால் தோல் புற்றுநோயும் வரக்கூடுமாம்.

நல்லவேளை, நான் பூசும் வெயில் களிம்பை அதற்குத் தடவவில்லை. துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பை நாய் நக்கினால் நஞ்சாகும். வெக்கைக்கென்று உரோமத்தை ஒட்ட மழிப்பதும் கூடாது. அதற்கிருக்கும் குடையே அதுதான். இப்போது காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை அதற்கு வீட்டினுள்ளேதான் வாசம்.

மறுநாள் வகுப்பில், “நான் சொன்னது தவறு” என்று தொடங்கினேன். மாணவன் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, எங்கள் நாய் பழுப்பு நிறம். மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. அதற்கும் சுடுமா?”

“மூக்கு சுடும்” என்றேன்.