அரபு படிச்சா என்ன வேலை கிடைக்கும்?

ஒரு கேள்வி. உங்க தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிட்டு, "நான் பி.ஏ. அரபு படிக்கப் போறேன்"னு சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க?

நான் சிரிச்சேன். "அரபு படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"னு கேட்டேன். இன்ஜினியரிங் படிக்கிற அண்ணன் இல்லையா, அந்தத் திமிர். அம்மா வேறு மாதிரி கேட்டாங்க. "அதான் சின்ன வயசுலேயே ஓதக் கத்துக்கிட்டியே, அதுக்கு எதுக்குடி மூணு வருஷம்?" அத்தா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அம்மா சொன்னதில் பாதி உண்மை. நானும் தங்கச்சியும் தினமும் சாயங்காலம் மக்தபுக்குப் போனவர்கள்தான். திக்காமல் ஓதுவோம். ஆனால் அர்த்தம்? பூஜ்யம். தமிழ் எழுத்து மட்டும் தெரிந்த ஒரு ஜப்பான்காரர் நம்ம ஊர் பேப்பரை சத்தமாக வாசிக்கிற மாதிரி. அதுவும் அந்த எழுத்துக்கு மேலேயும் கீழேயும் ஜபர், ஜேர், பேஷ் என்று உயிர்க்குறிகள் இருந்தால்தான். அரபுச் செய்தித்தாளிலும் ஆபீஸ் காகிதத்திலும் அந்தக் குறிகளைப் போடுவதே இல்லை. மொழி தெரிந்தவர்கள் தாங்களே நிரப்பிப் படித்துக்கொள்வார்கள். நம்மை மாதிரி ஆட்கள் அங்கேயே அவுட்.

தங்கச்சி காலேஜில் சேர்ந்தாள். காலையில் நூம்பலில் இருந்து வேலப்பன்சாவடி வரைக்கும் நடந்து, பூந்தமல்லி ஹை ரோட்டில் பஸ் பிடித்து, சிட்டிக்குள் போவாள். ராத்திரி சாப்பிடும்போது எனக்குப் பாடம் நடக்கும்.

"அண்ணா, க்-த்-ப் மூணு எழுத்துதான் வேர். கிதாப்னா புத்தகம். காதிப்னா எழுதுறவர். மக்தூப்னா எழுதப்பட்டது. மக்தபான்னா நூலகம். நாம போன மக்தபும் இதே வேர்தான்."

ஒரே டெம்ப்ளேட், உள்ளே வேரை மட்டும் மாற்றினால் புதுச் சொல். கோடிங் மாதிரியே இருக்கே என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன். எழுதுகிற அரபு வேறு, வீட்டில் பேசுகிற அரபு வேறு என்றாள். இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்களுக்கு அதை விளக்கணுமா என்ன? நாமும் அப்படித்தானே! வக்கீல், வசூல், பாக்கி, ரத்து, ஜாமீன் எல்லாம் அரபு வேர் என்றாள். சரி, அல்ஜீப்ரா? அல்-ஜப்ர். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மியின் புத்தகத் தலைப்பில் இருக்கிற சொல். அவர் பெயர்தான் அல்காரிதம் ஆனது. எனக்கு அரியர் வைத்த ஆள் யாரென்று அப்போதுதான் தெரிந்தது.

நம்ம ஊருக்கு இந்தப் படிப்பு புதுசும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுவுக்கான துறை 1927லேயே தொடங்கிவிட்டது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் பி.ஏ. முதல் முனைவர் பட்டம் வரை அரபு படிக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தா 2008இல் சவூதிக்குப் போய், 11 வருஷம் ஒரே கம்பெனியில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு 2019இல் திரும்பி வந்தவர். அவருடைய பழைய காகிதமெல்லாம் பீரோவில் ஒரு பச்சை ஃபைலில் இருக்கும். போன வருஷம் ஆதார் தேடும்போது அந்த ஃபைல் தங்கச்சி கையில் கிடைத்தது. உள்ளே வேலை ஒப்பந்தம். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் அரபு. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள்.

"அத்தா, இங்கிலீஷ்ல சம்பளம் 1,200 ரியால்னு இருக்கு. அரபுல எண்ணே போடல, எழுத்துல 'தமானுமிஆ'ன்னு இருக்கு. அப்படின்னா 800."

அத்தா டிவியை ஆஃப் செய்தார்.

மாதா மாதம் 1,200 கைக்கு வந்திருக்கிறது. 800 சம்பளமாக, 400 தனியாக. அதனால் சந்தேகமே வரவில்லை. கிளம்பும்போதுதான் இடித்திருக்கிறது. அந்த நாட்டுச் சட்டப்படி முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குமேல் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை. 11 வருஷத்துக்கு எட்டரை மாதம். 1,200 என்றால் 10,200 ரியால். அத்தாவுக்குக் கொடுத்தது 6,800. கேட்டபோது அரபுப் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார்களாம். இரண்டு மொழியில் எழுதினாலும் அங்கே செல்லுவது அரபு வாசகம்தான்.

"ஆறு வயசுல இருந்து ஓதுறேன்மா. அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரியல," என்றார். இத்தனை வருஷம் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் ஃபீஸ் மட்டும் கேட்டுவிட்டு ஏன் எழுந்து போனார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த 3,400 ரியால் இனி வரப் போவதில்லை. தங்கச்சிக்கு கேம்பஸ் இன்டர்வியூ வரிசைகட்டி நிற்கப் போவதும் இல்லை. மொழிபெயர்ப்பு, தூதரகம், ஓமன் நோயாளிகள் வந்து போகிற சென்னை ஆஸ்பத்திரிகள் என்று அவளே தேடிப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். என் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் இப்போது கேட்பதில்லை.

நம்மில் பலருக்கு நாளைக்கு தம்மாமிலோ தோஹாவிலோ சைட் இன்ஜினியர் வேலை வரும். காகிதம் இரண்டு பத்தியாக இருக்கும். இடது பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பேனாவை எடுக்காதீர்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் கத்தார் போவதற்கு ஒப்பந்தத்தோடு அத்தாவிடம் வந்தார். அத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடக்கூட இல்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "அம்மாடி, கொஞ்சம் இங்க வா. தம்பி கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ படிச்சுச் சொல்லு."