உள்வட்டத்தில் ஒரு காலியிடம்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யான் அணுவைக் குறித்து எழுதப் புகுந்தமைக்கு, விடுதியில் என்னுடன் ஓரறையில் வாழும் பௌதிக மாணவரே காரணர். ஒருநாளிரவு அவர் விளக்கிய செய்தி என் உள்ளத்தை விட்டு அகன்றிலது.

ஆர்கன் அணுவில் 18 எலெக்ட்ரான்கள் கருவைச் சூழ்ந்து 2, 8, 8 என மூன்று வட்டங்களில் அமைந்துள்ளன. ஓர் எலெக்ட்ரானை இழந்த ஆர்கன் அயனியை 50,000 எலெக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலுடன் மற்றோர் ஆர்கன் அணுவின்மீது ஏவினால், வெளிவட்டத்தில் மட்டுமன்றி இரண்டாம் வட்டத்திலும் காலியிடம் உண்டாகின்றது. இது வியப்பன்றோ! அயனியின் வேகம் அவ்வுள் எலெக்ட்ரானின் வேகத்தினும் மிகக் குறைந்தது. வெறும் மோதலால் அதனைப் பெயர்த்தல் அரிது. இப்புதிரை 1965-ஆம் ஆண்டில் ஊகோ பானோ, வில்லியம் லிக்டன் என்னும் அறிஞர் இருவர் விடுவித்தனர். அணுக்கள் ஒன்றனுள் ஒன்று புகுங்கால், கணநேரம் ஒரு மூலக்கூறு போலாகின்றன; 35 எலெக்ட்ரான்களும் ஒரு குடியாகின்றன. ஒரு நிலையில் ஓரளவுக்கு மேல் எலெக்ட்ரான்களுக்கு இடமில்லை என்பது 1925-இல் பௌலி கண்ட விதி. ஆகவே உள்ளிருந்தவற்றுட் சில மேனிலைக்கு உயர்த்தப்படுகின்றன. அணுக்கள் பிரிந்தபின் அவை யாவும் பழைய இடத்திற்கு மீள்வதில்லை.

அக்காலியிடம் நெடிது நில்லாது. வெளிவட்டத்து எலெக்ட்ரான் ஒன்று இறங்கி அதனை நிரப்பும். அப்போது விடுபடும் ஆற்றல் எக்ஸ் கதிராகப் புறப்படும். அன்றேல் வேறோர் எலெக்ட்ரானை அணுவினின்று துரத்தும். ஆர்கனின் இவ்வட்டத்தில் பெரும்பாலும் நிகழ்வது பின்னையதே. அங்ஙனமாயின், உள்ளே ஓரிடம் நிரம்ப, வெளியே ஈரிடங்கள் காலியாகின்றன.

இதனைக் கேட்டபோது எங்கள் இல்லம் என் நினைவுக்கு வந்தது. மூன்றாண்டுகட்கு முன் எம் அன்னையார் காலமானார். தம்பியர் சிறுவராயிருந்தமையின், ஆசிரியப் பயிற்சியிற் சேர்ந்திருந்த தமக்கையார் அதனை விடுத்து வீடு திரும்பினார். அவர் படிப்புக்கென வைத்திருந்த பணத்தால் யான் கல்லூரி புகுந்தேன். 'அன்னையின் இடத்தை மகள் நிரப்பினாள்' என்று உற்றார் புகழ்ந்தனர், யானும் புகழ்ந்தேன். பயிற்சிப் பள்ளியில் ஓரிடமும் அவர் நெஞ்சில் ஓரிடமும் காலியானதை எவரும் எண்ணிலர்.

எலெக்ட்ரானுக்கு விருப்பமென்பது இல்லை, தமக்கையாருக்கு உண்டு. அதனை யான் ஒருநாளும் வினவியதில்லை. தம்பியர் இப்போது வளர்ந்துவிட்டனர். விடுமுறைகளில் சமைக்க எனக்கும் கைகள் உள. மீண்டும் பயிற்சியிற் சேர விருப்பமுண்டா எனக் கேட்டுச் சென்ற வாரம் அவருக்குக் கடிதம் எழுதினேன். விடை இன்னும் வந்திலது.