வட்ட ரம்பமும் அப்பாவின் புத்தகங்களும்

அப்பா விட்டுச்சென்ற புத்தகங்கள் பதினொரு அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. ஒரு மழைக்காலத்தின் முடிவில் பெட்டியொன்றைத் திறந்தபோது, அவர் பைண்டு செய்து வைத்திருந்த சிற்றிதழ்த் தொகுப்பின் நடுப்பக்கங்களைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. அன்றுதான் அண்ணனும் தம்பியுமான நாங்கள் எங்கள் கையாலேயே அலமாரி செய்துவிடுவது என்று தீர்மானித்தோம். கடையில் விற்கும் மரத்தூள் பலகை அலமாரிகள் புத்தகச் சுமையில் நடுவே தொய்ந்துபோவதை ஏற்கெனவே இருமுறை கண்டாகிவிட்டது.

18 மி.மீ. கனத்தில், எட்டுக்கு நான்கடி ஒட்டுப்பலகை மூன்று. தாங்குவதற்கு ஒன்றரை அங்குலத் தேக்குச் சட்டங்கள். இவ்வளவுதான் தேவை. ஆனால் கைரம்பத்தால் எட்டடியை நேர்க்கோட்டில் அறுப்பது எங்களைப் போன்றோரால் ஆகிற காரியமன்று; முயன்று பார்த்தே சொல்கிறோம். ஆகவே மின்சார ரம்பம். பாட்டரியில் ஓடுவது வேண்டாம், வயர் உள்ளதே போதும் என்பதில் எங்களுக்குள் சண்டை வரவில்லை. ஆண்டுக்கு நான்கு நாள் வேலைக்காக வாங்கும் பாட்டரி, மீதி நாளெல்லாம் பரணில் கிடந்தே மூப்படைந்துவிடும்.

ஹார்டுவேர் கடைக்காரர் முதலில் எடுத்துவைத்தது மார்பிள் கட்டர். நம் ஊர் மரவேலைகளில் எங்கும் காணக்கிடைப்பதும் அதுதான். கல்லறுக்கும் வட்டைக் கழற்றிவிட்டுப் பல் வைத்த வட்டை மாட்டினால் மரத்தையும் அறுக்கும். விலை குறைவு, 110 மி.மீ. வட்டு, ஒரு கைக்குள் அடங்கிவிடுகிறது. சின்ன வேலைக்குச் சின்னக் கருவி என்று ஏறத்தாழ பணத்தை எடுத்து நீட்டிவிட்டோம்.

தடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி. அவருடைய இடதுகை ஆட்காட்டி விரலுக்கு மேற்கணு கிடையாது. முப்பதாண்டுப் பழக்கத்தில் நாங்கள் அதை ஒருமுறையும் கேட்டதில்லை. அவர் பட்டறையிலும் மார்பிள் கட்டர்தானே இருக்கிறது என்றபோது, அவரே கையை விரித்துக் காட்டினார். “அது எனக்குப் பழகிப்போச்சு தம்பி. நீங்க வாங்காதீங்க. அறுத்து முடிச்சுக் கீழ வைக்கிறப்பவும் அது சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். மார்பிள் கட்டர் நிமிடத்துக்குச் சுமார் 13,000 சுற்று சுற்றும். அப்படியென்றால் வட்டின் விளிம்பு நொடிக்கு 75 மீட்டர் பாய்கிறது. மரத்துக்கென்றே செய்த 165 மி.மீ. ரம்பம் சுமார் 5,200 சுற்று. அதன் விளிம்பு வேகம் 45 மீட்டர்தான். சிறியது சாது என்று நாங்கள் எண்ணியது எவ்வளவு பிழை! அதைவிட முக்கியமான வேறுபாடு அடிப்பக்கத்தில் இருக்கிறது. மார்பிள் கட்டரில் மேல்மூடி மட்டுமே. கீழே பற்கள் வெறுமனே நிற்கும். மர ரம்பத்தில் சுருள்வில்லால் இயங்கும் கீழ்மூடி உண்டு. மரத்துள் நுழையும்போது ஒதுங்கி, வெளியே வந்ததும் தானே மூடிக்கொள்ளும். போதாக்குறைக்கு, 110 மி.மீ. வட்டு ஏறத்தாழ 34 மி.மீ. ஆழமே இறங்கும். எங்கள் தேக்குச் சட்டமோ 38 மி.மீ.!

ஆகவே 165 மி.மீ. ரம்பத்தையே வாங்கினோம். 55 மி.மீ. ஆழம் போகும், எடை நான்கு கிலோவுக்குள். 1200 வாட் என்பதால் ஐந்து ஆம்பியருக்குச் சற்றே கூடுதலாக இழுக்கும். வீட்டின் சாதாரண ஆறு ஆம்பியர் பிளக்கே தாங்கும். 185 மி.மீ. ரம்பங்களும் கடையில் இருந்தன, தூக்கிப் பார்த்து வைத்துவிட்டோம். விலை மட்டும் உறுத்தியது. கட்டரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அண்ணன் அந்த மாதம் புத்தகம் எதுவும் வாங்கவில்லை.

பெட்டியோடு வந்த வட்டில் பற்கள் குறைவு. ஒட்டுப்பலகையின் விளிம்பைச் சிதைத்தது. 40 பல் வட்டு தனியே வாங்க வேண்டியதாயிற்று. பற்கள் கீழிருந்து மேல்நோக்கி அறுப்பதால் சிராய் மேற்பக்கம்தான் பெயரும். எனவே நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்துப் போட வேண்டும். இதை இரண்டு பலகைகளைக் கெடுத்த பிறகே அறிந்தோம். பலகையைத் தாங்குவதும் ஒரு பாடம். அறுத்த வாய் தொய்ந்து மூடினால் வட்டைக் கவ்விக்கொள்ளும். ரம்பம் கையை நோக்கி எகிறும். ஒருமுறை எகிறியது. மூடி அறைந்து சாத்திக்கொண்டது. அன்று மாலைவரை நாங்கள் ரம்பத்தைத் தொடவில்லை.

அலமாரி நின்றபின் ஆசாரியை அழைத்துவந்தோம். நான்காம் தட்டு மூன்று மி.மீ. குட்டை, இடைவெளியில் ஒரு சிம்பை ஒட்டி மறைத்திருந்தோம். அதை அவர் உடனே கண்டுகொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று கேட்டுவிட்டு ரம்பத்தை எடுத்தார். குறைவிரலால் கீழ்மூடியைத் தள்ளினார். அது டப்பென்று திரும்பி மூடியது. இன்னொரு முறையும் தள்ளிப் பார்த்தார்.

“இது என்ன விலைங்க தம்பி?” என்றார்.